நெல்வயலின் மீத்தேன்: காண்டல், கருதல், உரை

1

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரகடம் பக்கத்தில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி, நெல்வயலிலிருந்து மீத்தேன் வருகிறது, அது பூமியைச் சூடாக்குகிறது என்ற விஷயத்தில் வந்து நின்றது. தொழிற்சங்க வேலை பார்க்கும் தோழர் ஒருவர் சட்டென்று சொன்னார்: “காரு செய்ற ஊர்ல குந்திக்கினு, சோறு துன்றவன் மேல கேஸ் போடுறானுங்க.” கோட்பாடு படிக்கும் இன்னொரு நண்பர் இதையே வேறு மொழியில் சொன்னார். அளப்பது என்பதே ஆள்வதுதான், எண் என்பது அதிகாரத்தின் சொல்லாடல், ஆகவே இந்தக் கணக்குக்குள் நாம் இறங்க வேண்டிய அவசியமே இல்லை என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். வீடு திரும்பிய பிறகு அந்தத் தலையாட்டல் உறுத்தத் தொடங்கியது.

காரணம் இதுதான். கணக்குக்குள் இறங்கமாட்டேன் என்று நாம் சொல்வதால் கணக்கு நின்றுவிடப் போவதில்லை. நம்மை விட்டுவிட்டு அது நடக்கும், நடந்துகொண்டும் இருக்கிறது. மனிதச் செயல்களால் வெளியாகும் பசுமைக்குடில் வாயுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உணவு அமைப்பிலிருந்து வருகிறது என்று 2021இல் வெளியான உலகளாவிய கணக்கு ஒன்று சொன்னது. விளைவிப்பது, நிலத்தை மாற்றுவது, அரைப்பது, ஏற்றிச் செல்வது, சமைப்பது, குப்பையில் கொட்டுவது எல்லாம் அதில் அடக்கம். இதைப் பொய் என்று ஒதுக்க முடியாது. ஆனால் இந்த மூன்றில் ஒரு பங்கு யாருடையது என்ற கேள்விக்கு அந்த எண்ணுக்குள் விடை இல்லை.

தமிழ் படித்தவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். ‘அளவை’ என்ற சொல்லுக்கு நம்மிடம் இரண்டு பொருள் உண்டு. மரக்கால், படி, உழக்கு எல்லாம் அளவை. ஒன்றை உண்மையென்று அறியும் வழிக்கும் அளவை என்றுதான் பெயர். மணிமேகலையில் சமயவாதிகள் தங்கள் அளவைகளைச் சொல்லித்தான் வாதத்தைத் தொடங்குகிறார்கள். அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியார் அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றில் அடக்குகிறது. நேரே பார்த்து அறிவது காண்டல். ஒன்றைக் கொண்டு இன்னொன்றை ஊகிப்பது கருதல். நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு ஏற்பது உரை. அந்தச் சித்தாந்தத்தை இங்கே விட்டுவிடலாம். ஆனால் மீத்தேன் கணக்கைப் படிக்க இந்த மூன்று சொற்களும் எனக்கு மிகவும் உதவின. எந்த எண் காண்டல், எந்த எண் கருதல், எந்த எண் வெறும் உரை என்று பிரித்துக் கேட்டுவிட்டால் பாதிச் சண்டை தெளிந்துவிடுகிறது.

2

முதலில் வயலில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். அரசியல் பேசுகிற நாம் பல சமயம் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் மண்ணுக்குள் காற்று போவது நின்றுவிடுகிறது. மண்ணில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் சில நாட்களில் தின்று தீர்த்துவிடும். பிறகு நைட்ரேட், மாங்கனீஸ், இரும்பு, சல்பேட் என்று ஒவ்வொன்றாகப் பயன்படுத்தித் தீர்க்கும். அதுவும் தீர்ந்த பிறகு, ஆக்சிஜனே ஆகாத ஒருவகை நுண்ணுயிர்களின் ராஜ்யம் தொடங்குகிறது. முந்தைய போகத்துத் தாள், வேர், தொழு உரம் இவற்றின் சிதைவிலிருந்து அவை மீத்தேனை உண்டாக்குகின்றன. அந்த வாயுவில் பெரும்பகுதி குமிழியாக வருவதில்லை; நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழல்கள் வழியாக வெளியேறுகிறது. வேருக்குக் காற்றுக் கொண்டுபோக நெல் வைத்திருக்கும் அதே பாதையில்தான் மீத்தேன் மேலே வருகிறது. வயலை ஒருமுறை காயவிட்டால் காற்று உள்ளே போகும், அந்த நுண்ணுயிர்களின் ஆட்சி கவிழும்.

அளக்கும் முறையும் கேட்பதற்கு எளிதானது. நட்ட பயிரின் மேல் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்க்கிறார்கள் (அக்ரிலிக் பெட்டிதான், வயலில் எல்லோரும் கண்ணாடிப் பெட்டி என்றுதான் சொல்வார்கள்). கால்மணி, அரைமணி என்று இடைவெளி விட்டு ஊசிக்குழலால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வாயு நிறப்பிரிகைக் கருவியில் மீத்தேன் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். பெட்டியின் பரப்பு தெரியும், நேரம் தெரியும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மணிக்கு இவ்வளவு என்று வந்துவிடும். இது காண்டல். சேற்றில் இறங்கி, முதுகு வளைத்துச் செய்கிற காண்டல்.

ஆனால் ஒரு பெட்டி ஒரு குத்துப் பயிரைத்தான் காணும். நாற்று நட்டு இருபதாம் நாள் ஒரு அளவு, பூக்கும்போது ஒரு அளவு. களிமண்ணில் ஒன்று, மணற்சாரியில் இன்னொன்று. தாளை மடக்கி உழுத வயலில் ஒன்று, உழாத வயலில் வேறொன்று. பெட்டியிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து நாட்டுக்குப் போகிற ஒவ்வொரு படியிலும் காண்டல் கரைந்து கருதலாகிறது. இது குற்றமல்ல, தவிர்க்கவும் முடியாது. கருதலைக் காண்டல்போல் வேஷம் கட்டி மேடையேற்றும்போதுதான் அரசியல் உள்ளே வருகிறது.

3

அந்த வேஷம் கலைந்த கதை 1991இல் நடந்தது. ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரை அந்த ஆண்டில் உலகம் வேறொரு காரணத்துக்காகக் கேட்டது. நாட்டின் பொருளாதாரக் கொள்கை திரும்பியதும் அதே ஆண்டுதான்.

வாஷிங்டனிலுள்ள உலக வள நிறுவனம் 1990-91க்கான தன் அறிக்கையில் பூமியைச் சூடாக்கும் நாடுகளைப் பட்டியலிட்டது. காடழிப்பு, மீத்தேன் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டியதில் பிரேசிலும் சீனாவும் இந்தியாவும் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்துவிட்டன. தில்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் ஒரு சிறுநூல் எழுதி இதற்குப் பதில் சொன்னார்கள். ‘சமமற்ற உலகில் புவி வெப்பமாதல்’ என்பது அதன் தலைப்பு. ‘சுற்றுச்சூழல் காலனியம்’ என்ற குற்றச்சாட்டு அதன் துணைத்தலைப்பிலேயே இருந்தது. உயிர் வாழ்வதற்காக வெளியிடும் வாயுவையும் சொகுசுக்காக வெளியிடும் வாயுவையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது என்ன நியாயம் என்று கேட்டார்கள். வங்காளத்து உழவன் வயலின் மீத்தேனும் அமெரிக்கக் காரின் புகையும் வேதியியலில் ஒப்பிடத்தக்கவையாக இருக்கலாம், அறத்தில் அல்ல என்பதே அந்த வாதத்தின் சாரம்.

நம் பக்கத்தில் இந்த வாதம் பிரபலம். கூடவே நடந்த இன்னொரு காரியம் அவ்வளவு பிரபலமில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டின்படி இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3 கோடியே 78 லட்சம் டன் மீத்தேனை வெளியிட்டன. மேற்கத்திய வயல்களில் அளந்த அளவை இந்தியாவின் நெல் பரப்பால் பெருக்கி வந்த எண் அது. இயற்பியலாளர் ஏ.பி. மித்ராவின் முன்முயற்சியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் 1991இல் நாட்டின் பல நெல் பகுதிகளுக்கும் பெட்டிகளோடு ஆட்களை அனுப்பி நேரே அளந்தது. கிடைத்த எண் சுமார் 40 லட்சம் டன். ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு! இந்தியாவின் பிந்தைய தேசியக் கணக்குகளும் ஏறக்குறைய இந்த அளவை ஒட்டியே வந்திருக்கின்றன.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஆண்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும் வயல் என்ற ஒரு பிம்பத்தை வைத்துக்கொண்டு இந்தியா முழுவதையும் அவர்கள் கருதிவிட்டார்கள். அப்போது நம் நெல் பரப்பில் பெரும்பங்கு மழையை நம்பியிருந்தது. வயல் நிறைகிறது, காய்கிறது, மறுபடி நிறைகிறது. பல இடங்களில் மண்ணில் கரிமச் சத்தும் குறைவு. ஏழ்மையும் மழையின் நிச்சயமின்மையும் சேர்ந்து மீத்தேனைக் குறைத்துவைத்திருந்தன. இதைப் பெருமையாகக் கொண்டாட ஒன்றுமில்லை. ஆனால் உண்மை.

எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது, அந்த மதிப்பீட்டை வீழ்த்தியது எது என்பது. காலனியம் என்ற சொல் கேள்வியை எழுப்பியது. ஆனால் எண்ணை வீழ்த்தியது இன்னொரு எண்தான், சேற்றில் வைத்த பெட்டிதான். ‘எண் என்பது அதிகாரத்தின் சொல்லாடல்’ என்று சொல்லிவிட்டு மித்ரா வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த 3 கோடியே 78 லட்சம்தான் இன்றும் நம் தலைமேல் இருந்திருக்கும். ஃபூக்கோவைப் படித்தவர்கள் இதை யோசிக்க வேண்டும். அறிவும் அதிகாரமும் பிரியாதவை என்பதாலேயே அறிவை எதிராளியிடம் விட்டுவிட்டு வர முடியாது.

4

சரி, நம் மாவட்டத்துக்கு வருவோம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், மணிமங்கலம் என்று ஏரிக்கு ஏரி கலங்கல் வழிந்து அடுத்ததை நிறைக்கும் சங்கிலி. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகங்கள். இந்த ஏரிகளின் ஆயக்கட்டில் ஓர் ஏக்கர் நெல் எவ்வளவு மீத்தேன் விடும்?

பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு நாடுகளுக்குக் கணக்கு போடும் முறை ஒன்றை வகுத்துத் தந்திருக்கிறது. அதன் 2019 திருத்தத்தில், தெற்காசியாவில் ஓயாமல் தண்ணீர் நிற்கும் வயலுக்கு ஒரு ஹெக்டேரில் ஒரு நாளைக்கு 0.85 கிலோ மீத்தேன் என்று ஒரு பொது எண் உண்டு. ஏக்கருக்கு மாற்றி, 110 நாளால் பெருக்கினால் சுமார் 38 கிலோ. ஒரு கிலோ மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்று வைத்தால், ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு டன். (இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ சுமார் 80 கிலோவுக்குச் சமமாகிவிடும். மீத்தேன் பன்னிரண்டு ஆண்டு போல்தான் காற்றில் தங்கும். இருக்கும்வரை கடுமையாகச் சூடாக்கும். நூறா, இருபதா என்பதையும் யாரோ தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும்.) யூரியா தயாரிப்பும் பம்புசெட் மின்சாரமும் டிராக்டர் டீசலும் இதில் சேரவில்லை, அவை தனி.

அந்த ஒரு டன் எவ்வளவு? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் போகிற கார் 6,500 கிலோமீட்டர் ஓடினால் ஒரு டன். ஏக்கருக்கு இரண்டு டன் நெல் விளைந்தால் 1.3 டன் அரிசி; ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கிலோ என்றால் 13 பேருக்கு ஒரு வருஷச் சாப்பாடு. மாட்டுக்கு வைக்கோலும் மிச்சம். ஒரு தட்டில் 13 பேரின் ஒரு வருஷச் சோறு, இன்னொரு தட்டில் ஒரு காரின் ஆறேழு மாத ஓட்டம். மொட்டைமாடித் தோழர் கோபமாகச் சொன்னதைக் கணக்கும் சொல்கிறது. கோபத்தை மறுக்கலாம், கூட்டிக் கழித்துப் பார்த்து வந்த எண்ணை மறுப்பது கொஞ்சம் கஷ்டம்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அதே முறைப்படி, போகத்தில் பலமுறை காயவிடும் பாசன வயல் என்றால் 0.55ஆல் பெருக்க வேண்டும். 38 கிலோ 21 ஆகிவிடும். மழையை நம்பிய வயல் என்றால் 0.54. வறட்சிக்கு ஆளாகும் மானாவாரி என்றால் 0.16, வெறும் 6 கிலோ. ஒரே ஏக்கர், எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறோம் என்பதைப் பொறுத்து 38ஆகவோ 6ஆகவோ இருக்கும். அந்தப் பட்டியலில் ஏரிப் பாசனத்துக்கு என்று தனிக் கட்டம் கிடையாது. ஏரி வயல் பாசன வயலா, மழை வயலா? ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பினால் பாசனம். கலங்கல் வழியாத வருஷத்தில் பாதி மானாவாரி. வாய்க்கால் தலைமாட்டு நிலத்தில் தண்ணீர் நிற்கும், கடைமடை காயும். இதை அறிய அந்த ஊரில், அந்த வாய்க்காலோடு நடந்த ஆள் வேண்டும்.

5

அடுத்தது எல்லைக்கோடு. கணக்கில் எண்ணைவிட முக்கியமானது கணக்கின் எல்லை.

கம்பெனிகளின் வாயுக் கணக்கை மூன்று வட்டமாகப் பிரிக்கிறார்கள். தன் வளாகத்துக்குள் எரிப்பது முதல் வட்டம். வாங்கும் மின்சாரம் இரண்டாம் வட்டம். வாங்கும் பொருள், விற்ற பொருள், குப்பை, போக்குவரத்து மற்றதெல்லாம் மூன்றாம் வட்டம். பங்குச் சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் ஆண்டுதோறும் இத்தகைய அறிக்கை தர வேண்டும் என்று செபி சொன்னபோது முதல் இரண்டு வட்டங்கள்தான் கட்டாயப் பகுதியில் இருந்தன. மூன்றாவது, விரும்பினால் சொல்லலாம் என்ற பகுதியில். கேண்டீனில் பொங்கும் சோற்றின் மீத்தேன் மூன்றாம் வட்டம். ஒரு கார் கம்பெனிக்கு, அது விற்ற கார்கள் ஆயுள் முழுக்கக் கக்கும் புகையும் அதே மூன்றாம் வட்டம்! கட்டாயமான இரண்டு வட்டத்துக்குள் மட்டும் பார்த்தால், கூரையில் சூரியத் தகடு பதித்த தொழிற்சாலை தவசி மாதிரிதான் தெரியும். இது உரையளவை. சொல்பவர் யாரைப் பற்றிச் சொல்கிறாரோ அவரே அவர்.

இதைவிட வினோதமானது நிலத்தின் கதை. 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது முதல் ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் என்று சிப்காட் வளாகங்கள் விரிந்திருக்கின்றன. ஒரு நெல்வயல் தொழிற்பேட்டை மனையானால் தேசியக் கணக்கில் என்ன ஆகும்? நெல் பரப்பில் ஓர் ஏக்கர் குறையும். ஆகவே வேளாண்மைப் பகுதியில் மீத்தேன் குறைந்ததாகப் பதிவாகும். யாரும் பொய் எழுதவில்லை, கணக்கு சரிதான். ஆனால் அந்த 13 பேரும் சாப்பிடுவதை நிறுத்திவிடவில்லை. அவர்களுக்கான அரிசி நெல்லூரிலிருந்தோ டெல்டாவிலிருந்தோ லாரியில் வருகிறது. மீத்தேன் அந்த ஊர்க் கணக்கில் ஏறுகிறது. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்களையும் சேர்த்தால், இந்தத் தடம் முன்னைவிட அதிக நெல்லைத் தின்கிறது, முன்னைவிடக் குறைவாக மீத்தேன் விடுவதாகக் காட்டிக்கொள்கிறது. 2022இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத்துக்காக 5,000 ஏக்கருக்கு மேல் கேட்டபோது ஏகனாபுரத்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த நிலத்தில் வயலும் ஏரிகளும் உண்டு. அவை போனாலும் வேளாண் மீத்தேன் ‘குறையும்’.

சாப்பாட்டின் எல்லைக்கோட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேண்டீன் நடத்தச் சொல்லி அரசு உத்தரவிடலாம் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. ஆனால் விடுதிச் சமையற்கட்டு ஆலையின் கேண்டீன் அல்லவே. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடப்பட்டது. அந்தப் பெண்கள் மறித்தது சாலையை மட்டுமல்ல. ‘இது எங்கள் வளாகத்துக்கு வெளியே நடந்தது’ என்று சொல்ல வசதியாக இருந்த கோட்டையும்தான். வாயுக் கணக்கின் மூன்றாம் வட்டமும் விடுதிச் சோறும் ஒரே கோட்டுக்கு வெளியேதான் கிடக்கின்றன.

6

அப்படியானால் வயலின் மீத்தேனைக் குறைக்க வேண்டாமா? வேண்டும். நெல்லை நாம் சாப்பிடுகிறோம் என்பதால் அந்த வாயு சூடாக்காமல் இருக்காது. சூடு ஏறினால் முதலில் கருகுவதும் நம் நெல்தான்.

குறைக்கும் வழியில் முதலாவதற்கு ஏற்கெனவே தமிழில் பெயர் இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்லும் முறை இது. துளை போட்ட ஒரு குழாயை வயலில் பதித்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியபிறகு மறுபடி பாய்ச்சுவது. பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாமல் இருப்பது. விளைச்சல் பெரிதாகக் குறையாது, தண்ணீர் மிச்சம், மீத்தேன் ஏறத்தாழப் பாதி. கேட்க நன்றாக இருக்கிறதா? இதை என் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “ஏரியில தண்ணி இருக்குதுன்னு நம்பிக்க இருந்தா நெலத்த காய வுடலாம்டா. காஞ்சப்புறம் அடுத்த மொற எப்ப வரும்னு எவனுக்குத் தெரியும்? அதான் வரும்போதே கட்டி வச்சிக்கிறோம்.” வயலில் தண்ணீரைத் தேக்குவது பேராசையினால் அல்ல, பயத்தினால். மதகு உடைந்து, வரத்துக் கால்வாய் தூர்ந்து, ஏரியின் நீர்ப்பிடிப்பில் பாதி மனையாகிப் போன இடத்தில், காயவிடு என்பது அறிவுரையாக இருக்க முடியாது. ஏரியைச் சரிசெய்வதுதான் இங்கே மீத்தேனைக் குறைக்கும் முதல் வேலை. சொந்தக் கிணறு உள்ளவருக்கு வேறு கதை: அவரால் காயவிட முடியும், ஆனால் பம்புசெட் மின்சாரம் இலவசமாக இருக்கும்போது காயவிட்டு அவருக்குக் கைக்கு வருவது ஒன்றுமில்லை.

இரண்டாவது சிக்கல் நைட்ரஸ் ஆக்சைடு. யூரியா போட்ட வயலைக் காயவிட்டு நனைத்தால் அந்த வாயு கிளம்பும். அது கிலோவுக்குக் கிலோ கரியமில வாயுவைவிட 273 மடங்கு. தென்னிந்தியாவில் ஐந்து வயல்களில் அளந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, மிகையாகக் காயவிட்டால் இது மீத்தேன் லாபத்தையே தின்றுவிடக்கூடும் என்று எச்சரித்தது. ஐந்து வயலை வைத்து நாட்டுக்கே முடிவு கட்டலாமா என்ற எதிர்க்கேள்வியும் எழுந்தது. மறுபடி காண்டலும் கருதலும்தான். ஆகவே தண்ணீரைக் குறைக்கும்போதே யூரியாவையும் அளவோடு, பிரித்துப் போட வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைச் செய்ய முடியாது.

மூன்றாவது சிக்கல் சந்தை. குறைத்த மீத்தேனை ‘கார்பன் கிரெடிட்’ என்று விற்கலாம். எங்கோ ஒரு கம்பெனி அதை வாங்கித் தன் புகைக்கு ஈடு காட்டிக்கொள்ளும். கருதலை அவிழ்த்து விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சீனா உதாரணம். இத்தகைய வரவுகளுக்குச் சான்றளிக்கும் வெர்ரா என்ற அமைப்பு, அங்கிருந்த 37 நெல் திட்டங்களை 2024இல் நிராகரித்தது. ஓயாமல் தண்ணீர் நின்றது என்று ‘முன்நிலை’யை எழுதிவிட்டால் குறைப்பு பெரிதாகத் தெரியும். உண்மையிலேயே ஏழ்மையால் காய்ந்து கிடந்த வயலுக்கு முன்நிலை தாழ்வு. குறைக்க ஒன்றுமில்லை, காசும் இல்லை. அதிகம் வெளியிட்டவருக்குத்தான் பரிசு.

யாருக்குக் காசு என்ற கேள்வியும் உண்டு. பட்டா உள்ளவருக்கு. குத்தகைக்காரர் வெளியே, கூலியாள் வெளியே. எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயல் எத்தனை நாள் காய்ந்தது என்று வாய்க்காலோடு நடந்து அறிந்தவர் நீர்க்கட்டி. பல ஊர்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் தலித்துகள். 38ஆ, 21ஆ, 6ஆ என்று தீர்மானிக்கத் தேவையான காண்டல் அவரிடம்தான் இருந்தது. கூலியாகக் களத்தில் சில மரக்கால் நெல் அளந்தோம். அவர் அறிந்ததை அறிவு என்று எங்கும் பதிந்துவைக்கவில்லை.

7

அளப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. நவாபிடமிருந்து செங்கல்பட்டு ஜாகிரைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காக, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களை அளந்தார். வயல், ஏரி, வீடு, தொழில் எல்லாம் பதிவாயின. அந்த ஆவணங்களை வெகுகாலம் கழித்துத் தரம்பால் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். நமக்கு அவை வரலாறு. அளக்கப்பட்டவர்களுக்கு அது வரி.

இதே மாவட்டத்தில் 1891இல் கலெக்டர் திரமென்ஹீர், தலித் மக்களின் கூலி, குடிசை, கடன், நிலமின்மை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அவரும் காலனி அதிகாரிதான், அவருடையதும் அதிகாரத்தின் பார்வைதான். ஆனால் அந்தக் கணக்கிலிருந்து 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. பிறகு அந்த நிலங்கள் கைமாறிப் போனதும், மீட்கச் சொல்லி நடந்த போராட்டங்களும் வேறு கதை. போராட ஓர் ஆவணம் இருந்தது என்பதே அந்தக் கணக்கினால்தான்.

ஆகவே, அளப்பதா வேண்டாமா என்று கேட்பதை விட்டுவிடலாம். அளக்கப்பட்டவருக்கு என்ன திரும்பி வந்தது என்று கேட்போம். பர்னார்டா, திரமென்ஹீரா?

1991இன் வாதத்தையும் நாம் அப்படியே வைத்திருக்க முடியாது. நாடும் நாடும் என்று பேசியதில், நாட்டுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு மறைந்துபோனது. ஏழைகளின் முதுகுக்குப் பின்னால் வசதியுள்ளோர் ஒளிந்துகொள்கிறார்கள் என்று கிரீன்பீஸ் இந்தியா 2007இல் ஓர் அறிக்கையில் சொன்னது. 2021இல் கிளாஸ்கோவில் மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா கையெழுத்திடவில்லை. நெல்லையும் மாட்டையும் காட்டி அதற்கு நியாயம் சொல்ல முடியும், நானும் சொல்வேன். ஆனால் தில்லியில் நெல் உழவனைக் காட்டிக் காப்பாற்றிய அதே அரசு, இங்கே அவன் வயலை அளந்து கல் நடுகிறது.

நமக்கு என்ன வேலை? இந்தத் தடத்தில் எஞ்சியிருக்கும் ஏரிகளின் ஆயக்கட்டில் எத்தனை ஏக்கர் எத்தனை நாள் நனைந்து எத்தனை நாள் காய்கிறது என்பதை, நீர் பாய்ச்சுகிறவர்களோடு சேர்ந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று போகத்துக்கு எழுதுவது. அதற்குப் பெட்டியோ கருவியோ வேண்டாம். குச்சியும் தேதியும் போதும். மனையாகும் ஒவ்வொரு ஏக்கருக்கும் அதன் 13 பேரின் சோறு எந்த ஊருக்குப் போனது என்று சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் கேட்பது. ஆலை அறிக்கைகளில் மூன்றாம் வட்டத்தைக் கேட்பது. கேண்டீனையும் விடுதியையும் அதில் சேர்க்கச் சொல்வது. மீத்தேன் குறைப்புக்கென்று ஒரு ரூபாய் வந்தாலும் அது முதலில் மதகுக்கும் வரத்துக் கால்வாய்க்கும் தண்ணீர் பாய்ச்சுகிறவர் கூலிக்கும் போக வேண்டும் என்று சொல்வது.

இதையெல்லாம் சொன்னபோது பெரியப்பா கேட்டார்: “சரிடா, அந்த நோட்டு யார்கிட்ட இருக்கும்?” எனக்கு உடனே பதில் வரவில்லை. ஊரிலேயே, நீர் பாய்ச்சுகிறவர் கையிலேயே இருக்கட்டும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. வேண்டியவர்கள் வந்து பிரதி எடுத்துக்கொள்ளட்டும்.